கட் சொல்லாத படம்

போன வாரம் பாளையம்பட்டி முக்கில் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். லாரி என்றா சொன்னேன், நகர்கிற வைக்கோல்போர் அது. ரோட்டின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, டவுன்பஸ்ஸுக்கும் வழிவிடாமல் ஆடி ஆடிப் போனது. என் ஸ்கூட்டி மேலும் தலை மேலும் துரும்பாகக் கொட்டியது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கித் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். வெயில் குடித்த வைக்கோலுக்கு ஒரு வாசனை உண்டல்லவா, லேசான இனிப்பும் தூசியுமாக? அது மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு சினிமாப் படம் ஞாபகம் வரும். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். யாருமே பார்த்ததில்லை.

இன்றைக்கு நான் அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவள். சீர் குறைந்தது என்று சம்பந்தியம்மா மூஞ்சியைத் திருப்பியதை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூவைத் தூவுவேன். ஆனால் ஒரு காலத்தில் நானும் உதவி இயக்குநர்தான். சிரிக்காதீர்கள். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசிக்கொண்டு, பி.காம் முடித்த கையோடு சினிமாவுக்குப் போகிறேன் என்று நின்ற பெண்ணை எங்கள் தெரு அதற்கு முன்னால் கண்டதில்லை. அம்மா தறிச் சத்தத்தையும் மீறித் தெலுங்கில் திட்டுவாள். வெளியாள் யாராவது வந்துவிட்டால் உடனே தமிழுக்கு மாறி, "பாப்பா மெட்ராஸ்ல வேலைக்குப் போறா" என்பாள். என்ன வேலை என்று அவர்கள் கேட்பதற்குள் காபி கொண்டுவந்துவிடுவாள்.

அந்தப் படத்தின் டைரக்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. படம் பார்க்கிறவன் பாதியில் எழுந்து ஓட வேண்டும். ஓடாமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தால் நாம் தோற்றுப்போனோம் என்று அர்த்தம். முதல் நாள் எங்களையெல்லாம் கூட்டிவைத்து இதைச் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கதை கிடையாது, வசனம் கிடையாது, 'ஆக்‌ஷன்' கிடையாது. முக்கியமாக, 'கட்' கிடையவே கிடையாது. "வாழ்க்கையில் யாராவது கட் சொல்கிறார்களா?" என்று கேட்டார். நாங்கள் இல்லை என்று தலையாட்டினோம். எனக்குக் கொடுத்திருந்த வேலை கன்டினியுட்டி. அதாவது ஒரு ஷாட்டில் நடிகர் போட்டிருந்த சட்டையே அடுத்த ஷாட்டிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டே இல்லாத படத்தில் அந்த வேலை என்ன வேலை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தினமும் ஒழுங்காக நடிகர்களின் சட்டையைப் போட்டோ எடுத்துவைத்தேன்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில், உள்ளே தள்ளி ஒரு ஊர். பேரைச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் பஸ் ஏறிப் போய் விசாரிப்பீர்கள். தொடர்ந்து மழை பொய்த்து, கண்மாய் வெடித்து, ஆட்டுக்குக்கூடக் கருவேலங்காய் தவிர வேறு தீனி இல்லாத சமயம் அது. அந்த வறட்சியைத்தான் படம் பிடிக்க வந்திருந்தோம். வறட்சியே ஒரு பாத்திரம் என்றார் டைரக்டர். அந்தப் பாத்திரத்துக்கு மட்டும்தான் கால்ஷீட் பிரச்சினை இல்லை.

அங்கே நடந்த கூத்தை எங்கே ஆரம்பிப்பது? நடிகர்கள் முதல் நாள் முழுக்கக் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. மதுரையிலிருந்து வந்திருந்த நாடக நடிகர், "மொகத்தக் காட்டாமப் போனா எங்க வீட்டுல நான் நடிச்சேன்னு யாரு நம்புவா?" என்று அழாக்குறையாகக் கேட்டார். பூமி அழுகிற சத்தம் வேண்டும் என்று டைரக்டர் ஒரு விலையுயர்ந்த மைக்கைக் கண்மாய்க்குள் புதைக்கச் சொன்னார். புதைத்தோம். அடையாளத்துக்கு நட்ட குச்சியை விறகு பொறுக்க வந்த யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சவுண்ட் என்ஜினீயர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்மாய் முழுக்கத் தோண்டித் திரிந்தார். கரையில் நின்றவர்கள் அவர் புதையல் எடுக்கிறார் என்று முடிவுகட்டி, மறுநாள் அவர்களும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். ஜெனரேட்டர் மத்தியானம் ஆனால் நின்றுவிடும். பக்கத்து வீரசோழனிலிருந்து பிரியாணி வந்தால் மட்டும் யூனிட்டுக்கு உயிர் வரும். அந்த பிரியாணி வாசனையையும் டீசல் வாசனையையும் என்னால் இன்றுவரை பிரித்து நினைக்க முடியாது.

ஜெனரேட்டரைச் சுமந்துவந்த லோடு ஆட்டோவின் டிரைவர்தான் சோணைமுத்து. அதே ஊர்க்காரர், முப்பதைத் தாண்டிய ஆள். திருவிழா நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவர். அதனால் பேச்சில் எப்போதும் ஒரு எடுப்பு இருக்கும். என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணே என்பேன். வந்த அன்றைக்கே டைரக்டர் குடை பிடித்து நடப்பதைப் பார்த்துவிட்டு, "ஏந்தங்கச்சி, மழைய எதிர்பாத்துப் புடிச்சிருக்காகளா, வெயிலுக்குப் பயந்து புடிச்சிருக்காகளா?" என்று கேட்டார். அவர் மனைவி பாண்டியம்மாள் எங்களுக்கு டீ போட்டுத் தருவார். அவரும் சளைத்தவர் இல்லை. "இவுகள ஒரு சீன்லயாச்சும் போட்டு விட்டுருங்க தாயி. இல்லாட்டி வீட்டுக்குள்ளயே நடிச்சு என் உசுர வாங்குவாக" என்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பதைக் கேட்பதற்காகவே நான் இரண்டாவது டீ குடிப்பேன்.

இனிமேல்தான் வைக்கோல் வருகிறது. எங்கள் பக்கத்தில் மழை இல்லாவிட்டால் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊருக்குள் இருக்கிற ஒரு பெரும் பாவியால்தான் மழை வரவில்லை என்று நம்பிக்கை. அந்தப் பாவியை வைக்கோலில் உருவமாகக் கட்டி, பாடையில் ஏற்றி, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க, தெருத்தெருவாக இழுத்துப்போய், எல்லைக்கல்லுக்கு வெளியே வைத்துக் கொளுத்துவார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்து தலைமுழுகுவார்கள். டைரக்டர் இதைக் கேள்விப்பட்டதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஊரில் முதல் மரியாதை வாங்குகிறவர் முத்திருளாண்டி ஐயா. அவரிடம் போய்க் கெஞ்சி, படத்துக்காக ஒரு தடவை செய்துகாட்டச் சம்மதம் வாங்கினார். ஐயா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"படத்துக்குத்தான, செஞ்சுகாட்டச் சொல்றேன். ஆனா எல்லக்கல்லுக்கு இந்தப் பக்கமே நிப்பாட்டிரணும். தாண்டிருச்சுன்னா அது படம் இல்ல. நெசம்."

டைரக்டர் கைகூப்பினார். வைக்கோலுக்கு அலைந்தோம். அந்தப் பஞ்சத்தில் வைக்கோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கிருந்தோ சோணைமுத்துதான் ஒரு லோடு கொண்டுவந்து சேர்த்தார். ஆளுயரத்துக்கு உருவம் கட்டி, சேலை உடுத்தி, சட்டி கவிழ்த்துத் தலை வைத்து, வேப்பமர நிழலில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் சேலை கிடக்கிறது, சட்டி கிடக்கிறது, கொடும்பாவியைக் காணோம். பசித்துக் கிடந்த ஊர் ஆடுகள் மொத்தமும் சுற்றி நின்று கடைசித் துரும்பை நக்கிக்கொண்டிருந்தன. எதை எதையோ போட்டோ எடுத்த நான் அதை எடுக்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

டைரக்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த வெறும் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வைக்கோல் வேண்டாம். ஆளையே படுக்க வைப்போம்" என்றார்.

முத்திருளாண்டி ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் போயிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் சோணைமுத்து ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"ஐயா, நாடகத்துல எத்தன தடவ செத்திருக்கேன், என்னைய என்ன எமனா கொண்டுபோயிட்டான்? நான் படுத்துக்கிறேன். எல்லக்கல்லுகிட்ட நிப்பாட்டிட்டா எந்திரிச்சுப் போறேன். ஒரு சீனுய்யா. ஒரே ஒரு சீனு."

அந்த 'ஒரே ஒரு சீனு' என்பதை அவர் சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எத்தனை வருஷ ஆசையோ. ஐயாவும் மனுஷர்தானே. "கல்லுகிட்ட நிக்கணும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

சோணைமுத்துவுக்கு முகத்தில் சுண்ணாம்பும் கரியும் பூசினேன். கூசுகிறது என்று நெளிந்தார். பாடையில் படுக்கவைத்து, பாடையை இழுக்கக் கயிறு கட்டினார்கள். அவருடைய ஆட்டோவிலேயே கேமராவை ஏற்றி, வேறு டிரைவர் ஓட்டினார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். பாண்டியம்மாள் முன்னால் நின்று, "என்னைய ஆண்ட மகராசா, ஆட்டோவ யாருக்கு எழுதிவச்ச?" என்று இழுத்ததில் தெருவே சிரித்தது. பாடையில் கிடந்த பிணமும் குலுங்கியது.

இரண்டாவது தெரு திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு அம்மா வற்றிப்போன போர்வெல்லைச் சொல்லி அழுதார். இன்னொருவர் திருப்பூருக்குப் போய் வராமலே போன மகனைச் சொல்லி அழுதார். விற்ற மாட்டின் பேரைச் சொல்லி ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டார். அத்தனை வருஷமாக வாய்க்குள் அடக்கிவைத்திருந்த எல்லாமும் வெளியே வந்தது. எல்லாருடைய கோபமும் பாடையில் கிடந்தவர் மேல் போனது. "நீதானடா பாவி, நீதானடா" என்று மண்ணை வாரி அவர் மேல் இறைத்தார்கள். கயிறு இழுத்த இளவட்டங்கள் ஓட ஆரம்பித்தார்கள். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஐயா கம்பை ஊன்றிக்கொண்டு ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

எல்லைக்கல் தெரிந்தது. நான் டைரக்டரைப் பார்த்தேன். அவர் ஆட்டோவில் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சந்தோஷ அழுகை. "சார், கல்லு" என்று கத்தினேன். கையை மட்டும் அசைத்தார். போகட்டும், போகட்டும் என்று. இழுக்கிறவர்களிடம் அவர் காலையிலேயே, "நான் சொல்லாமல் நிற்கக் கூடாது" என்று சொல்லிவைத்திருந்தார். சொல்வதில்லை என்பதுதான் அவர் கொள்கையே. நான் பாடைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே "கட்! கட்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சினிமாவில் நான் சொன்ன ஒரே கட் அதுதான். கொட்டுச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. பாடை கல்லைத் தாண்டி, பொட்டலில் போய் நின்றது.

சோணைமுத்து எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னா, முடிஞ்சுச்சா? டீ வந்துருச்சா?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் அலறிக்கொண்டு ஊருக்குள் ஓடினார்கள். பாண்டியம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். ஐயா மெல்ல வந்து சேர்ந்தார். சோணைமுத்துவைத் திட்டவில்லை. "இப்ப ஊருக்குள்ள வராத அப்பு. ரெண்டு நா வெளிய இரு. பூசாரியக் கேட்டு என்ன செய்யணுமோ செஞ்சு கூப்புட்டுக்கிடுறோம்" என்றார். சோணைமுத்து சரி என்று தலையாட்டினார். அருப்புக்கோட்டை லாட்ஜில் யூனிட்டோடு தங்கிக்கொண்டு, "செத்தாலும் ஏசி ரூம்லதான் செத்திருக்கேன்" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அந்த ரெண்டு நாள் முடிவதற்குள் மழை பெய்தது. சும்மா மழை இல்லை. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாகப் பாய்ந்தது. மைக் போனது போனதுதான், ஜெனரேட்டரும் முங்கிவிட்டது. ஊரே கொட்டடித்து வந்து டைரக்டருக்கு மாலை போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனது. "மழையக் கொண்டாந்த மகராசன்" என்று வயசானவர்கள் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சோணைமுத்து நனைந்துகொண்டே நின்று இதையெல்லாம் பார்த்தார். டைரக்டர் அதையும் படம் பிடித்தார்.

நான் ஐயாவிடம் போய்க் கேட்டேன். "பரிகாரம் செஞ்சு கூப்பிட்டுக்கிடுறோம்னு சொன்னீங்களே ஐயா?"

"மழை பெய்யாம இருந்திருந்தா செஞ்சிருக்கலாம் தாயி. வெளையாட்டுன்னு விட்டுருக்கலாம். பெஞ்சிருச்சே. சாமி அவன எடுத்துக்கிட்டுத்தான குடுத்திருக்கு. திருப்பி வாங்குனா, குடுத்ததையும் வாங்கிட்டுப் போயிராதா?"

அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவர் என்று சொல்லி ஆற்றிக்கொள்ளக்கூட எனக்கு வழி வைக்கவில்லை அவர். ஒரு ஊர் முழுக்கத் தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் இருக்கும்போது, ஒரே ஒரு மனுஷனுக்காக யார் அதைப் பணயம் வைப்பார்கள்? மழை பொய்த்திருந்தால் சோணைமுத்து பிழைத்திருப்பார். இதை நான் எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

படம் வரவில்லை. தயாரிப்பாளருக்கும் டைரக்டருக்கும் சண்டை வந்து, எடுத்ததெல்லாம் எந்த ஹார்ட் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறதோ. டைரக்டர் இப்போது நகைக்கடை விளம்பரம் எடுக்கிறார் என்று கேள்வி. அதைப் பார்த்து யாரும் எழுந்து ஓடுவதில்லை. நான் ஊருக்குத் திரும்பிக் கல்யாண வீடியோவில் விழுந்தேன். அம்மாவுக்கு நிம்மதி.

சோணைமுத்து பாளையம்பட்டியில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு லோடு ஓட்டினார். வா என்று கூப்பிட்டும் பாண்டியம்மாள் போகவில்லை. ஆடு இருந்தது, நிலம் இருந்தது, படுக்கையில் கிடந்த மாமியார் இருந்தார். சந்தைக்கு வரும்போது புருஷனைப் பார்த்துச் சோறு கொடுத்துவிட்டுப் போவார். ஊரில் யாரும் பாண்டியம்மாளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் விசேஷ வீட்டில் குங்குமத் தட்டு வரிசையாக வரும்போது, அவருக்கு முன்னால் மட்டும் நிற்காமல் அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு நாள் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "அவுகளும் பாவம், என்ன செய்வாக, தட்டத் தூக்கிட்டு வாரவளுக்குக் கைநடுங்குது" என்றார். அவர் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பிறகு அந்த மாமியார், சோணைமுத்துவின் அம்மா, இறந்துபோனார். தகவல் கேட்டு நானும் போயிருந்தேன். மகன் ஊருக்குள் போகவில்லை. எல்லைக்கு வெளியே ரோட்டோரமாக, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலிருந்து நின்றார். அம்மாவின் பாடைதான் மகனிடம் வந்தது. அதைத் தொட்டுக் கும்பிட்டார். யாரும் தடுக்கவில்லை. சுடுகாட்டில் கொள்ளிச்சட்டியைக் கேட்டுக் கை நீட்டினார்.

"நான் வச்சுக்கிறேன்யா. எங்காத்தாய்யா."

முத்திருளாண்டி ஐயா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்தவன் கொள்ளி வைக்க முடியாது அப்பு" என்றார். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். மேடையில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த மனுஷன், வாயில் துண்டை அடைத்துக்கொண்டு ஒரு கருவேல மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வைக்கோல் லாரிக்குப் பின்னால் போன அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை நேராக லோடு ஆட்டோ ஸ்டாண்டுக்கு விட்டேன். சோணைமுத்து அண்ணன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னிடம் சொல்ல ஒரு சேதி இருந்தது. முத்திருளாண்டி ஐயா போய்ச் சேர்ந்துவிட்டாராம். அந்த ஊர் இப்போது பழைய ஊர் இல்லை. கண்மாயைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நிலத்தையெல்லாம் சோலார் கம்பெனி வளைத்துப்போட்டிருக்கிறது. இளவட்டங்கள் பாதிப்பேர் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். கொடும்பாவி என்றால் கட்சிக்காரர்கள் எரிப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். ரோட்டை அகலப்படுத்தியபோது எல்லைக்கல்லைப் பெயர்த்து எங்கோ போட்டுவிட்டார்கள். பாண்டியம்மாளும் கண் மூடி வருஷமாகிறது. ஆனாலும் அங்கே அண்ணன் வீடு இருந்த மனை இருக்கிறதே.

"இனிமே யாருண்ணே உங்களைத் தடுக்கப்போறா? தாராளமாப் போயிட்டு வாங்க. ஒரு தடவ உள்ள கால் வச்சுட்டு வாங்க" என்றேன். என்னவோ நானே பெரிய நியாயம் வாங்கிக்கொடுத்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு வேகம்.

அவர் காற்றுக் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"என்னையச் செத்தவன்னு சொன்னவுக எல்லாரும் போய்ச் சேந்துட்டாக தங்கச்சி. இப்ப நான் அங்க போயி, 'சாகல, உசுரோடதான் இருக்கேன்'னு சொன்னா, 'நீங்க யாரு'ன்னுல்ல கேப்பாக."